இத்தா அறையில் ஒரு நிலாத் தரை

அந்த அறை நீளத்தில் பதினான்கு பாதம், அகலத்தில் பதினொன்று. என் பாதத்தால் அளந்தது. யன்னல் ஒன்றுதான். அதற்குக் கறுப்புச் சீலையை இரட்டையாக மடித்து ஆணி அடித்திருந்தார்கள். கதவுக்கு உள்பக்கமும் ஒரு சீலை தொங்கியது. நான்கு மாதமும் பத்து நாளும் நான் அதற்குள் இத்தா இருந்தேன். மாப்பிள்ளை மௌத்தானால், இறந்துபோனால், பெண்சாதி வெளியில் போகாமல், பிற ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய நாள்கள் அவை. எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் இருப்பதுதான். நான் இருந்தது அவர் கடலோடு போய் நான்கு வருஷம் கழிந்த பிறகு.

சுனாமிக் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மகளும் சாகாமத்தில் என் தங்கை வீட்டில் இருந்தோம். முதல் நாள் அங்கே பிள்ளைக்குப் பேர் வைத்த விருந்து. அவர் சாப்பிட்டுவிட்டு அன்றே கல்முனைக்குடிக்குத் திரும்பிவிட்டார். கடற்கரையில் அவருக்கு ஒரு கருவாட்டு வாடி இருந்தது. காயப்போட்ட மீனைப் பார்க்க ஆள் வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் ஆறுதலா வாங்க" என்று சைக்கிளில் ஏறியபடி சொன்னார். நாங்கள் ஆறுதலாக, அவசரப்படாமல்தான் வந்தோம். வீட்டின் சீமெந்துத் தரை மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராக உடலாய் எடுத்தார்கள். அவரை எடுக்கவில்லை.

மையித்தைக் காணாமல் நான் எப்படி இத்தா இருப்பது? அவருடைய ராத்தா, என் மதினி, வருகிற ஆலிம்களிடமெல்லாம் ஒரே பதில்தான் சொன்னார். "என்ட தம்பிட மையித்தக் காட்டுங்க. அதுக்குப் பொறகு கதைங்க." அதனால் நான்கு வருஷம் நான் பெண்சாதியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. நிறச் சீலை உடுத்தால் பார்ப்பார்கள். வெள்ளை உடுத்தால் மதினி பார்ப்பார். கூட்டத்தில் வாய் திறந்து கதைக்கிற பழக்கம் எனக்குச் சிறு வயதிலேயே இல்லை. ஐந்தாம் வகுப்பில் பாட்டுச் சொல்லச் சொன்ன நாளில் வீட்டுக்கு ஓடி வந்தவள், பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. ஆகவே யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசியில் நான்கு வருஷம் போதும், இனி மௌத்தென்று வைத்து இத்தாவில் இருக்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு சொன்னார்கள். அதுவரை மறித்து நின்ற மதினி அன்றைக்கே கறுப்புச் சீலையும் ஆணியும் வாங்கி வந்தார்.

அப்போது நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டில். நான், மகள், மதினி. வீடிழந்தவர்களுக்கு வயலை மண் போட்டு நிரப்பிக் கட்டிக் கொடுத்த வீடு அது. கடல் சத்தம் கேட்காது. மகளுக்கு இருபத்தாறு வயது. பௌதிகம் படித்தவள். ஒலுவில் கம்பஸில் பிள்ளைகளுக்குப் பரிசோதனை காட்டிக் கொடுக்கிற தற்காலிக வேலை பார்த்தாள்.

இத்தா தொடங்கி இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மகள் கதவுச் சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் ஒரு பெட்டி.

"உம்மா, உங்கட அறையில பாதி எனக்குத் தருவீங்களா?"

"என்னத்துக்கு மகள்?"

"இருட்டு வேணும். கம்பஸ்ல இருட்டறைக்குள்ள புள்ளைகள் வந்து வந்து போகும். இந்த ஊர்லயே நல்ல இருட்டு உங்களிட்டத்தான் இரிக்கி."

சுவரோரம் ஒரு மேசை வந்தது. மேசையில் ஒரு மின்குமிழ். அது ஒரு மரக் கையின் நுனியில் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பாகைமானியைப் பெரிதாக்கியது போல் அடியில் ஒரு தகடு, எத்தனை பாகையில் கை நிற்கிறது என்று பார்க்க. எதிரில் வெளிச்சத்தை அளக்கிற ஒரு கண், அதிலிருந்து வயர் போய் இலக்கம் காட்டுகிற ஒரு சின்னப் பெட்டி. அந்தக் கண்ணுக்கு முன்னால் வளையத்தில் பொருத்திய சாம்பல் நிறத் தாள், கறுப்புக் கண்ணாடி போல. நடுவில் சாப்பாட்டுப் பீங்கான் அளவில் கறுப்புத் தட்டம்.

தட்டத்தில் போடுகிற பொடிதான் நிலாவின் தரை என்றாள் மகள். மின்குமிழ் சூரியன். அந்தக் கண் நாங்கள்.

அவள் சொல்லித் தந்ததை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். கயிற்றின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம். சூரிய வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஆடிக்கொண்டு வருகிறதாம். ஒரு தரையில் பட்டுத் திரும்பும்போது ஏதோ ஒரு பக்கத்து ஆட்டம் கொஞ்சம் கூடிவிடும். அதற்கு முனைவாக்கம் என்று பேர். சாம்பல் தாள் ஒரு பக்க ஆட்டத்தை மட்டும் விடும், மற்றதை மறிக்கும். தாளைத் திருப்பித் திருப்பி இலக்கத்தைப் பார்த்தால் எந்தப் பக்கம் கூட, எவ்வளவு கூட என்று தெரியும். கூடுவது இருநூறு அரிசியில் ஒரு அரிசி அளவுதான். சில நேரம் அதுவும் இல்லை.

வியாழனுக்கும் சனிக்கும் நிலாக்கள் நிறைய. அநேகமானவற்றில் காற்று இல்லை. காற்று இல்லாததால் தரையில் உள்ள பொடி விழுந்தபடியே கிடக்கும், ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும். போய்த் தொட்டுப் பார்க்க முடியாத தரை. திரும்பி வருகிற வெளிச்சம் எப்படி ஆடுகிறது என்று பார்த்து, பொடி எவ்வளவு நைஸ், எவ்வளவு இறுக்கம் என்று இங்கிருந்தே சொல்லிவிடலாமாம். அதற்கு முதலில் இங்கே ஒரு பொடியைப் போட்டு அளந்து வைத்திருக்க வேண்டும், பக்கத்தில் வைத்துப் பார்க்க.

"எவ்வளவு கோணம் வரைக்கும் அளக்க வேணும்?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு பாகைக்குள்ள போதும். வியாழன் அவ்வளவு தூரம் உம்மா. அங்க இருந்து பார்த்தா சூரியனும் நாங்களும் பக்கத்தில பக்கத்திலதான் தெரிவோம். அதனால அந்த நிலாக்கள நாங்க எப்பவும் முன்பக்கத்தாலதான் பார்க்கிற. பக்கவாட்டில பார்க்கவே ஏலா. சனிட நிலாக்களுக்கு ஆறு பாகைதான்."

அந்தச் சின்னக் கோணத்துக்குள்ளேதான் அதிசயமாம். பெரிய கோணங்களில் ஒரு பக்கம் கூடுகிற ஆட்டம், சூரியனுக்கு நேரே வர வர மறுபக்கம் கூடிவிடும். ஏன் என்பதற்கு ஒரு காரணம் சொன்னாள். பொடிகளின் இடுக்கில் நுழைந்த வெளிச்சம் இரண்டு வழியால் சுற்றி வந்து வாசலில் ஒன்றையொன்று சந்திக்கிறதாம். எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. பன்னிரண்டு பாகைக்குள் அடைபட்டது மட்டும் நன்றாக விளங்கியது.

மதினிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னவாவது செய்ங்க. யன்னல் சீலைய மட்டும் விலக்கிப் போடாதிங்க. நிலா ஆம்பிளை. இத்தாவில இரிக்கிற பொம்பிளை நிலாவப் பார்க்கப்படாது."

"அப்படி ஒரு கிதாபுலயும் இல்ல மாமி" என்றாள் மகள்.

"கிதாபுல இல்லாட்டி என்ன? எங்கட உம்மா இருந்தா, அவட உம்மா இருந்தா. ஆரும் பார்க்கல்ல."

"வியாழனுக்கு நாலு பெரிய நிலா இரிக்கி மாமி. நாலும் ஆம்பிளையா?"

"நாலும் ஆம்பிளைதான்."

"எப்படித் தெரியும்?"

"வேலை வெட்டி இல்லாம ஒருத்தனச் சுத்திக்கொண்டே திரியிறதுக்குப் பொம்பிளைக்கு எங்க நேரம்?"

நான் சிரித்தேன். இத்தாவுக்குள் நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். மதினி முறைத்துவிட்டுப் போனார்.

பொடி என் வேலை. கடல் வந்து போனபோது கரை நெடுகிலும் பவளப்பாறைத் துண்டுகளை, முருகைக்கல்லைத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. நான்கு வருஷ வெயிலில் காய்ந்து அது வெள்ளையாகிக் கிடந்தது. மகள் அதில் அரைச் சாக்கு கொண்டுவந்தாள். உப்புப் போகப் பலதரம் கழுவிக் காயவைத்துத் தந்தாள். நான் சின்ன இரும்பு உரலில் இடித்தேன். முதலில் மா அரிக்கிற அரிதட்டில் அரித்தேன். பிறகு மல் துணியில், பிறகு அதே துணியை இரண்டாக மடித்து. இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் மா அரித்த கை. துணியைத் தொட்டாலே எது விழும், எது நிற்கும் என்று தெரியும். மகள் ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கம்பஸ்ல தந்த பொடியவிட இது நைஸ்" என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் இன்னொரு தரம் அரித்தேன்.

பொடியைத் தட்டத்தில் கொட்டக்கூடாது. ஒரு முழ உயரத்தில் துணியைப் பிடித்து மெல்ல அசைத்தால் பனி விழுவது போல் தானாக விழும். அப்படியே விட்டுவிட வேண்டும். அங்கேதான் என் கைக்குக் கஷ்டம். மா அளக்கிற எந்தப் பெண்ணும் அளவுச் சுண்டை நிரப்பினால் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள், மா அமர. அது யோசித்துச் செய்வதில்லை.

"தட்டப்படாது உம்மா" என்றாள் மகள்.

"தட்டினா என்ன?"

"பொடி இறுகிப் போகும். வெளிச்சம் வேற மாதிரித் திரும்பும். காத்தே இல்லாத இடத்தில ஆர் வந்து தட்டுற?"

நடந்தால் அதிரும் என்று பாதி காற்றடித்த சைக்கிள் டியூபின் மேல் பலகை வைத்து, அதன் மேல் தட்டத்தை வைத்தாள். அவள் அளக்கும்போது நான் மூலையில் பாயில் இருந்து, முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு, அவள் சொல்லும் இலக்கத்தைக் கொப்பியில் எழுதுவேன். மின்சாரம் கூடிக் குறையும். குமிழ் சூடேறினால் ஆற விட வேண்டும். ஒரு கோணத்துக்கு ஒரு நாள் போய்விடும். பன்னிரண்டு, பத்து, எட்டு, ஆறு, நான்கு, இரண்டு, கடைசியில் அரைப் பாகை. ஏழு நாள் வேலை. மின்குமிழை ஒழுங்கு பண்ணவும் பழக்கத்துக்கு அளந்து பார்க்கவுமே ஒன்றரை மாதம் போனது. பிறகுதான் சரியான வரிசையைத் தொடங்கினாள்.

ஆறு பாகை முடிந்த நாளில் மகள் என் பக்கத்தில் வந்து பாயில் இருந்தாள். முன்பு அவளுக்குப் படிப்பித்த ஒருவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், இந்த வரிசையைச் சுத்தமாக அளந்து மாதக் கடைசிக்குள் அனுப்பினால் அங்கே படிக்க ஒரு இடம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றாள். மூன்று வருஷம்.

"நல்லது மகள்" என்றேன்.

"உங்களுக்குச் சம்மதமா?"

"ஓம்."

சம்மதம் இல்லை. அவள் போனால் இந்த வீட்டில் நானும் மதினியும். மதினிக்கு நான் யார்? தம்பியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் சாகாமத்தில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். அவர் அதை வாயால் சொன்னதில்லை. நான்கு வருஷமும் சோற்றைப் போட்டு வைத்து மூடிவிட்டுப் போகிற விதத்தில் சொன்னார். இத்தா முடிந்தால் எனக்கு வெளியில் போகலாம். போவதற்கு எந்த வீடு இருந்தது? மகள் கம்பஸிலிருந்து வருகிற பஸ்ஸின் சத்தம்தான் எனக்கு அன்றாடம் வந்து கதவைத் திறப்பது.

மறுநாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம். மகள் புதுக் குமிழ் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். மதினி மற்ற அறையில் கண்ணயர்ந்திருந்தார். நான் எழும்பி மேசைக்குப் பக்கத்தில் போனேன். இருட்டில் தட்டம் மட்டும் மங்கலாக வெள்ளையாகத் தெரிந்தது. நடுவிரலை மடித்து அதன் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

கைப்பழக்கம் என்று சொல்லலாம். அப்படி இல்லை. எந்தக் கை, எந்த விரல், ஏன் என்று எனக்குத் தெரியும்.

பார்த்தால் ஒன்றும் மாறவில்லை. பொடி ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கும். நான் பாய்க்குத் திரும்பி வந்து அஸர் தொழுதேன்.

அளவு கெட்டுப்போகும், மகள் சலித்துக்கொள்வாள், மாதக் கடைசி கடந்துவிடும், எல்லாம் அப்படியே ஓய்ந்துவிடும் என்று நான் எண்ணினேன். நடந்தது வேறு. நான்கு பாகைக்கு அவள் அளந்த இலக்கம் முன்னையதோடு சேரவில்லை, ஒரு படி இறங்கி நின்றது. குமிழை மாற்றினாள், தாளைத் துடைத்தாள், திரும்ப அளந்தாள். அதே இலக்கம். இரண்டு பாகையும் அரைப் பாகையும் புதிய படியிலேயே அழகாகப் போயின. கொப்பியில் புள்ளி வைத்துக் கோடு கீறினாள். ஆறுக்கும் நான்குக்கும் நடுவில் கோடு உடைந்து கிடந்தது.

"உம்மா, இஞ்ச பாருங்க. இப்படி ஒரு உடைவு இரிக்கெண்டு ஒருத்தரும் சொல்லல்ல." அவள் முகம் குமிழ் வெளிச்சத்தில் சின்னப் பிள்ளையின் முகமாக இருந்தது. வாப்பா போன பிறகு அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை.

மதினி வாசலில் இருந்து, "என்னவாம், நிலா இறங்கி வந்திட்டாராமா?" என்றார்.

"வந்திட்டார் மாமி. இனி அவருக்குச் சோறு போடுங்க."

அன்றைக்கே அவள் கடிதம் எழுதத் தொடங்கினாள். நான் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. நான் அவளைப் போகவிடாமல் பிடிக்கத் தட்டியது, அவளைக் கெதியாக அனுப்பப் போகிறது. அனுப்பினாலும் பரவாயில்லை. அங்கே பெரிய ஆட்கள் நல்ல கருவிகளால் அளப்பார்கள். கோடு எங்கேயும் உடையாது. இவள் பொய் சொன்னாள் என்பார்கள், அல்லது அளக்கத் தெரியாதவள் என்பார்கள். என் நடுவிரல் அங்கே யாருக்குத் தெரியும்?

மூன்றாம் நாள் அவள் கடிதத்தைச் சுத்தமாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மகள், ஆறுக்கும் நாலுக்கும் இடையில நான் தட்டினன்."

"என்னத்தத் தட்டினீங்க?"

"தட்டத்த."

பேனைச் சத்தம் நின்றது. "கைப்பழக்கத்திலயா?" என்று கேட்டாள். நான் ஓம் என்று சொல்வதற்காகவே அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

"இல்ல. நீ போகப்படாதெண்டு."

அவள் குமிழை அணைத்தாள். இருட்டுக்குள் இருந்து அவளுடைய குரல் மட்டும் வந்தது.

"எத்தின தரம்?"

"ரெண்டு."

"பலமாவா, மெதுவாவா?"

"மா அமர்த்திற மாதிரி."

கோபத்தில் கேட்கிறாளா, குறித்துவைக்கக் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கதவுச் சீலை அசைந்தது. முன்கதவும் திறந்து மூடியது. பின்னால் ஓட வேண்டும் போல் இருந்தது. கதவுச் சீலை வரை போனேன். அதற்கு அப்பால் போக எனக்கு அனுமதி இல்லை. சீலையைப் பிடித்துக்கொண்டு பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை அப்படியே நின்றேன். தெருவில் போகிற ஒவ்வொரு செருப்புச் சத்தமும் அவளுடையதா என்று கேட்டேன். நான்கு மாதத்தில் அந்த அறை அவ்வளவு சின்னதாக இருந்தது அன்றைக்குத்தான்.

வந்தவள் உட்காரவில்லை. "உங்கட இத்தா முடிய எத்தின நாள் இரிக்கி?" என்றாள்.

"அஞ்சு."

"எனக்கு ஏழு வேணும்."

இத்தா முடிகிற நாளில் எங்கள் ஆட்கள் வருவார்கள். குளிக்கவார்ப்பார்கள், யன்னலைத் திறப்பார்கள், பாயை வெளியில் எடுத்து உதறுவார்கள். உறவுப் பெண்கள் அறை நிறைய இருந்து சாப்பிடுவார்கள். அந்தப் பொடி ஒரு பிள்ளையின் ஓட்டத்துக்கே தாங்காது. வேறு இருட்டு இனித் தேடி, மேசையைத் தூக்கிக்கொண்டுபோய், எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ண மாதக் கடைசி வந்துவிடும்.

அன்றே நான் புதிதாகப் பொடி அரித்துத் தட்டத்தில் விழவிட்டேன். இரண்டு தரம் கொட்டிவிட்டுத் திரும்ப விழவிட்டேன். மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள்களில் "எழுதுங்க" என்ற ஒரு சொல்லையும் இலக்கங்களையும் தவிர அவள் என்னோடு கதைக்கவில்லை. நான் எழுதினேன்.

நான்காம் நாள் மதினி வாசலில் வந்து நின்றார். "நாளைக்கு மறுநாள் குளிக்கணும். ஆக்களுக்குச் சொல்லியாச்சு. பிறைக் கணக்கு நாளையோட சரி."

நான் வாழ்க்கையில் மதினிக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"மதினி, நான் இங்கிலீசு மாசக் கணக்கில இருக்கிறன். இன்னும் ரெண்டு நாள் இரிக்கி."

பிறை மாதம் நான்கு என்றால் இங்கிலீசு மாதம் நான்கைவிட இரண்டு நாள் குறையும். இதை மகள் சொல்லித் தரவில்லை. கலண்டரைப் பார்த்துக்கொண்டே நான்கு மாதம் இருந்தவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மதினி சீலையை விலக்கி என்னைப் பார்த்தார். "அஞ்சாம் வகுப்புப் படிச்சதுக்கு இங்கிலீசு மாசமா? ஆர் உனக்கு அப்படிச் சொன்ன?"

"நான்தான்."

"உலகத்தில எல்லாரும் இத்தா எப்ப முடியும் எண்டு பார்த்துக்கொண்டிருப்பாங்க. நீ கூட்டிக் கேக்கிறாய்."

"ஓம்."

"அப்ப இரி. நோன்பு வரைக்கும் இரி." சீலையை விட்டுவிட்டுப் போனார். முன்வாசலில் அவர் யாரிடமோ, "கணக்குத் தெரியாத மனிசி, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று சொல்வது கேட்டது. மார்க்கத்துக்கு இருந்த நாள்கள் மறுநாளோடு முடிந்தன. அந்த இரண்டு நாளும் மார்க்கத்தில் இல்லாதவை. மகளுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தவை.

ஏழாம் நாள், அரைப் பாகை. சூரியனும் எங்கள் கண்ணும் ஏறத்தாழ ஒரே கோட்டில். அந்த இலக்கம்தான் எல்லாவற்றிலும் முக்கியம், பத்துத் தரம் எடுக்க வேண்டும் என்றாள். ஏழு எடுத்திருந்தாள். அப்போது பெருந்தெருப் பக்கம் வெடிக்கத் தொடங்கியது.

எங்கள் ஆட்களுக்கு வெடிச் சத்தம் கேட்டால் காது விளங்கிக்கொள்ளும் முன் உடம்பு படுத்துவிடும். நான் பாயில் விழுந்தேன். மகள் விழவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு தட்டத்தின் மேல் குடையாகக் குனிந்து நின்றாள். வெடி நிற்காமல் தொடர்ந்தது. பிறகு ஹோர்ன் சத்தம், தெருவில் ஆட்களின் கூச்சல். மதினி வாசலுக்கு வந்து, "சீனவெடி. யுத்தம் முடிஞ்சுதாம். ரேடியோவில சொல்றாங்களாம்" என்றார். அவர் குரலில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. பிறகு, "தமிழ் ஆக்கள்ட தெருவில ஒரு கதவும் திறக்கல்ல" என்றார். எத்தனை வீடுகளில் யாரைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைத்தேன். தேடுவது என்னவென்று எனக்குத் தெரியும்.

வெடி அடங்கி அடங்கி வந்தது. ஒரு இடைவெளியில் ஒரு இலக்கம் சொன்னாள். எழுதினேன். அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருந்தோம். சின்ன டோர்ச்சைச் சாய்த்து அடித்துப் பொடியை விளிம்பிலிருந்து விளிம்பு வரை பார்த்தாள். அமரவில்லை. ஒன்பது. பத்து.

கொப்பியை எடுத்துக் கோடு கீறினாள். கோடு எங்கேயும் உடையவில்லை. ஆறு, நான்கு, இரண்டு என்று வளைந்து அரைப் பாகையில் போய் நின்றது.

"ஒண்டும் புதுசா இல்ல" என்றாள். "எல்லாரும் அளந்த மாதிரித்தான்."

நான் தட்டிக் கொடுத்த உடைவை நானே எடுத்துவிட்டேன். அவள் கடிதத்தைத் திரும்ப எழுதினாள். முதல் வரிசையையும் சேர்த்து அனுப்புவதாகச் சொன்னாள், நடுவில் பொடி தட்டுப்பட்டது என்ற குறிப்போடு.

"ஆர் தட்டின எண்டு எழுதப்போறாய்?"

"உதவியாள் எண்டு." பிறகு, "உம்மா எண்டு எழுதினா நம்பமாட்டாங்க" என்றாள். அதுதான் அத்தனை நாளில் அளவை விட்டு அவள் என்னோடு கதைத்த முதல் கதை.

மறுநாள் எனக்குக் குளிக்கவார்த்தார்கள். முற்றத்து வெயிலில் கண் திறக்க முடியவில்லை. சொந்தக்காரப் பெண்கள் நான் வெளுத்துப் போனதாகச் சொன்னார்கள். மகள் கடிதத்தோடு தபாற்கந்தோருக்குப் போயிருந்தாள்.

இடம் கிடைத்தது. உடைந்த கோட்டுக்காக இல்லை, உடையாத கோட்டுக்காக. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் விடியுமுன் ஒரு சுபஹு நேரம் அவள் வேனில் ஏறினாள். என் கையைப் பிடித்து அந்த நடுவிரலை மட்டும் கொஞ்சம் அழுத்தினாள். மன்னித்தாளா, ஞாபகப்படுத்தினாளா என்று நான் கேட்கவில்லை. அவள் போன பிறகு வீடு நான் பயந்தபடியே இருந்தது. யன்னல் திறந்திருந்தது, போக இடமில்லை. அன்று பகல் நானும் மதினியும் குசினியில் இருந்து வெங்காயம் உரித்தோம். மகள் என்ன சொன்னாளோ, சுவருக்கு அப்பால் என்ன கேட்டாரோ தெரியாது. மதினி கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ ரெண்டு தட்டுத்தான் தட்டின புள்ள. நான் உன்ன நாலு வருசம் பிடிச்சு வெச்சன். தம்பி மௌத்தெண்டு அண்டைக்கே எனக்குத் தெரியும்."

இல்லை மதினி என்று சொல்லியிருக்கலாம். வயதில் மூத்தவர் அப்படிச் சொன்னால் இல்லை என்பதுதான் எங்கள் மரியாதை.

"ஓம் மதினி" என்றேன்.

அவர் தலையசைத்தார். உரித்த வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார். நான் வெட்டினேன்.